அத்தை வீட்டை விற்றேன்: உயிலில் ஒரு கையெழுத்து, வெளியில் பல கையெழுத்து

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த அத்தையின் வீட்டை உயிலின்படி விற்று முடித்தேன். உயிலில் நிறைவேற்றுநர் என்று போட்டிருந்தது என் பெயரைத்தான். எக்ஸிகியூட்டர் என்றதும் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், "உனக்கு எவ்வளவு எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். எனக்கு ஒரு பைசா எழுதவில்லை. அதனால்தான் என்னைப் போட்டிருக்கிறார் என்பது என் கணிப்பு. அத்தை ரிட்டயர்டு கணக்கு டீச்சர். பங்கு உள்ளவன் கையில் கணக்கைக் கொடுக்க மாட்டார்.

அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமா முன்பே போய்விட்டார். வீடு 1986-இல் அத்தை தன் சம்பளத்தில், தன் பெயரில் வாங்கியது. உயில் 2016-இல் பதிவு செய்தது. அதில் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: வீட்டை நிறைவேற்றுநர் விற்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு, கடன் ஏதாவது இருந்தால் அது எல்லாம் போக, கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட ஓர் அம்மாவுக்கு ஒரு லட்சம். மீதியில் சரிபாதி சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு, சரிபாதி ஓசூரில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு. வீட்டை இருவருக்கும் எழுதிவைக்காமல், "விற்று, பணத்தைக் கொடு" என்று எழுதியது பின்னால் எவ்வளவு பெரிய உபகாரமாக இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் செய்த முதல் வேலை, பூட்டை மாற்றியது. பால்காரர், பக்கத்து வீடு, பழைய வேலைக்காரப் பெண் என்று யார் யாரிடம் சாவி இருந்தது என்று அத்தைக்கே தெரிந்திருக்காது. சித்தப்பாவையும் எதிர்வீட்டு சாரையும் கூட வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து, நகை, பாத்திரம், பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் 200 பக்க நோட்டில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். கோர்ட்டில் புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும் என்பது இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. நான் புரோபேட் வாங்கவில்லை. ஆனாலும் அந்தக் கெடுவை எனக்கே போட்டுக்கொண்டேன். அந்த நோட்டுதான் கடைசிவரை என்னைக் காப்பாற்றியது.

பென்ஷன் விஷயம் ஒன்று. இறந்த தேதிக்குப் பிறகு கணக்கில் விழும் பென்ஷன் நம்முடையது இல்லை. கருவூலத்துக்கு எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டு, அதிகமாக வந்ததைத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். ஏ.டி.எம். கார்டு இருக்கிறதே என்று எடுத்துச் செலவழித்துவிட்டு அல்லாடுகிறவர்கள் உண்டு.

புரோபேட் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். இந்துக்கள் எழுதிய உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்று 2025 வரை இருந்த விதி சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே இருக்கும் சொத்துக்கும்தான். கடலூரில் எழுதி, கடலூர் வீட்டைப் பற்றிய உயிலுக்கு அது வராது. இறந்தவரின் சொத்து, அந்த முறையில் நிறைவேற்றுநர் கையில் வந்து சேர்கிறது என்கிறது அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு. உயில் தடுக்காதவரை அதை விற்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு என்கிறது 307. ஆக, சட்டப்படி என் கையெழுத்து ஒன்றே போதும். வக்கீல் இதைச் சொன்னபோது ரொம்பத் தெம்பாக இருந்தது. வாங்குகிறவரின் பேங்க் உள்ளே வந்ததும் அந்தத் தெம்பு போன இடம் தெரியவில்லை. அது பிற்பாடு. முதலில் மாடி.

மாடியும் மோட்டாரும்

ஆளில்லாத வீடு கடலூரில் சீக்கிரம் கெடும். கடல் நேர்க்கோட்டில் சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்றில் சன்ஷேடு கம்பி துருப்பிடித்து, வீங்கி, கான்கிரீட்டைத் தள்ளிவிடும். அத்தை வீட்டில் தெற்குப் பக்க சன்ஷேடில் இரண்டு இடத்தில் கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. மாடியில் தட்டோடு. ஓடு நன்றாகத்தான் இருந்தது. இணைப்புச் சாந்துதான் பொடியாகிக் கிடந்தது. கைப்பிடிச் சுவர் மூலையில் ஓர் அரசங்கன்று வேறு.

அடுத்தவர் பணத்தில் ரிப்பேர் செய்வதால் ஒரு வரைமுறை வைத்துக்கொண்டேன். இனிமேல் கெடாமல் நிறுத்தும் வேலைக்கு மட்டும் செலவு. அழகுபடுத்தும் வேலைக்கு இல்லை. புரோக்கர், "ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிங்க சார், ரெண்டு லட்சம் ஏத்திச் சொல்லலாம்" என்றார். ஈரம் ஊறிய சுவர்மேல் பெயிண்ட் அடித்து மறைத்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை, விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவே சொல்கிறது. படுக்கையறைக் கூரையில் முன்பு ஒழுகிய இடத்தைக் காட்டி, ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதினோம்.

ஆடி மாதம் கொத்தனாரோடு மாடியில் நானும் உட்கார்ந்தேன். இணைப்புகளில் இளகியதை எல்லாம் சின்ன உளியால் அரை அங்குல ஆழத்துக்குக் கீறி எடுத்தோம். துடைப்பத்தால் பெருக்கினால் போதாது, தூசி உள்ளேயே நிற்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மேல் ஈரம் வற்றிய பிறகு சிமெண்ட் பால் ஊற்றி, அது காய்வதற்குள் ஒன்றுக்கு மூன்று சாந்தில் வாட்டர்புரூப் திரவம் கலந்து, கரண்டி நுனியால் அழுத்தி அடைத்தார். மேலே சாக்கு போட்டு ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இருந்தோம். அரசங்கன்றை வெட்டினால் மறுபடி தழைக்கும். பூச்சை உடைத்து, வேர் போகிற வழியெல்லாம் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மூடினோம். சன்ஷேடில் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம் வந்த இடத்தை எல்லாம் கொத்தி எறிந்து, கம்பியை இரும்பு பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த சாந்தால் மூடினோம். தண்ணீர்த் தூம்பு இரண்டிலும் இலை அடைத்திருந்தது. பாதி ஒழுகலுக்குக் காரணம் அதுதான் என்றார் கொத்தனார்.

போர் மோட்டார் பல மாதம் ஓடாமல் இறுகிப்போயிருந்தது. சுவிட்சைப் போட்டால் உறுமல் மட்டும் வரும். கரண்ட்டை நிறுத்தி, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டு கபாசிட்டரை மாற்றியதும் ஓடியது. அதற்கப்புறம் வாரம் ஒருமுறை போய்ப் பத்து நிமிஷம் ஓட்டிவிடுவது வழக்கமாயிற்று. ஈ.பி. இணைப்பைத் துண்டிக்காமல் வைத்தது இதற்காகத்தான்.

எல்லாம் சேர்ந்து 38,400 ரூபாய். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, இரண்டு நாளில் தென்பெண்ணையும் பெருக்கெடுத்தபோது எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. வாங்க அட்வான்ஸ் கொடுத்திருந்தவர் விடியற்காலையில் தானே போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாராம். 2011 தானே புயலைப் பார்த்த ஊர். யாரும் யார் வார்த்தையையும் நம்பி வீடு வாங்குவதில்லை.

காகிதங்கள்

வில்லங்கச் சான்றை (ஈ.சி.) பதிவுத்துறை இணையத்தில் 1980-லிருந்து போட்டுப் பார்த்தேன். இரண்டு விஷயம் தட்டுப்பட்டது. முதலாவது, 1991-இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டை அடமானம் வைத்து அத்தை வாங்கிய கடன். கடனை அடைத்த ரசீது பீரோவில் இருந்தது. ஆனால் அடமானம் தீர்ந்தது என்று பதியவில்லை. ஏட்டில் அந்த வீடு இன்னும் அடமானத்தில்தான். சங்கத்துக்குப் போய்ப் பழைய லெட்ஜரைத் தேட வைத்து, கடன் தீர்வு ரசீது எழுதி வாங்கிப் பதிவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீடு விற்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, அப்பா அம்மா பெயரில் உள்ள வீட்டுக்கு இதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியவர் உயிரோடு இருக்கும்போது இது அரைநாள் வேலை.

இரண்டாவது, உயில் வில்லங்கத்தில் இல்லை. வீடு பார்க்க வந்த ஒருவர் இதையே பெரிய குற்றமாகச் சொல்லிவிட்டுப் போனார்: "ரிஜிஸ்டர் பண்ண உயில்ங்கிறீங்க, ஈ.சி.யில வரலியே?" வராது. வீடு மனை கிரயம், அடமானம் எல்லாம் ஏறுவது 1-ஆம் புத்தகத்தில். உயில் ஏறுவது 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோதான் கிடைக்கும். இறந்த பிறகு இறப்புச் சான்றோடு மனு போட்டால் தருவார்கள். நான் சான்றிட்ட நகல் வாங்கியதோடு, 2016-க்குப் பிறகு வேறு உயிலோ ரத்துப் பத்திரமோ பதிவாகியிருக்கிறதா என்றும் தேடச் சொன்னேன். கடைசி உயில்தான் செல்லும். நம் கையில் இருப்பது கடைசியா என்று நாமே முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் இனிஷியல். கிரயப் பத்திரத்தில் கணவர் இனிஷியல், பள்ளிக்கூட ஆவணங்களிலும் உயிலிலும் அப்பா இனிஷியல், ஆதாரில் இரண்டும் இல்லாமல் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். ஈ.பி. மீட்டர் மாமா பெயரில். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் அபிடவிட் போட்டேன். தமிழ்நாட்டில் வேலை பார்த்த எந்தப் பெண்மணியின் காகிதங்களை எடுத்தாலும் இந்த அபிடவிட் வேண்டியிருக்கும் போல.

அளவிலும் ஒரு சிக்கல். பத்திரத்தில் 30-க்கு 64 அடி, அதாவது 1,920 சதுர அடி. நகர நில அளவைப் பதிவேட்டில் 171 சதுர மீட்டர், அடிக்கணக்கில் 1,840. டேப் பிடித்து அளந்ததில் பதிவேடுதான் சரி. மேற்குச் சந்து பக்கம் சுவர் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். புரோக்கர், "பத்திரத்துல உள்ளதையே போட்டுடலாம்" என்றார். குறைந்த அளவைத்தான் போட்டேன். 80 சதுர அடிக்கு ஆசைப்பட்டு நாளைக்கு வழக்கு வந்தால், பதில் சொல்ல வேண்டியது அத்தை இல்லை.

விலை

கேட்டு வந்தவர்களில் முதல் ஆள் என் மச்சான். மனைவியின் தம்பி. "மாமா, விக்கிறதே நீங்க. வெளியாளுக்கு எதுக்கு? அம்பத்தஞ்சுக்கு நானே எடுத்துக்கிறேனே." நல்ல மனசோடுதான் கேட்டான். ஆனால் நிறைவேற்றுநர் நேராகவோ சுற்றி வளைத்தோ அந்தச் சொத்தைத் தானே வாங்கினால், அதில் பாத்தியதை உள்ள யார் வேண்டுமானாலும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம் என்று 1925 வாரிசுரிமைச் சட்டத்தில் 310-ஆம் பிரிவு இருக்கிறது. மச்சான் வாங்குவது சுற்றி வளைத்ததில் சேருமா சேராதா என்று கோர்ட்டில் போய்த் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை. வீட்டில் ஒரு வாரம் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

இரண்டாவது வந்தவர் 66 லட்சம் கொடுக்கத் தயார். பத்திரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பு 41 மட்டும் போட்டு, மீதி 25 கையில். பத்திரச் செலவு மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அவருக்கு இரண்டே கால் லட்சம் மிச்சம். எனக்கு? சொந்த வீடு விற்கிறவர்கள் இதையெல்லாம் யோசித்தோ யோசிக்காமலோ செய்கிறார்கள். உயிலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் அந்த 25-ஐ எந்த ரசீதில் காட்டுவது? வீடு மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வந்தவர்கள் புருஷன் பெண்சாதி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பேங்க் லோன். 62 லட்சம், முழுவதும் வெள்ளை. தங்கைக்கும் ஓசூர்த் தம்பிக்கும் மூன்று விலையையும், நான் ஏன் மூன்றாவதை எடுக்கிறேன் என்பதையும் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் அட்வான்ஸ் வாங்கினேன். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம்.

பேங்க் வக்கீல்

இங்கேதான் வண்டி நின்றது. பேங்கின் சட்டக் கருத்து எழுதும் வக்கீல் கோப்பை மேலிருந்து கீழ்வரை புரட்டினார்.

"அந்த அம்மாவுக்கு வாரிசு யாரு?"

"உயில் இருக்குங்களே சார்."

"உயில் இருக்கு. பார்த்துட்டேன். வாரிசு யாருன்னு கேட்டேன்."

அவர் கேட்டது சும்மா இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 15-ஆம் பிரிவுப்படி, பிள்ளையும் கணவரும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து போவது கணவருடைய வாரிசுகளுக்கு. பிறந்த வீட்டுக்கு இல்லை. அத்தை முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்துச் சம்பாதித்த வீடாக இருந்தாலும் உயில் மட்டும் இல்லாவிட்டால், நெல்லிக்குப்பத்தில் இருக்கும் மாமாவின் தம்பிக்குத்தான்; அவர் இல்லாவிட்டால் மாமாவின் காலமான அண்ணனுடைய பிள்ளைகளுக்கு. என் தங்கையும் ஓசூர்த் தம்பியும் கிட்டேகூட வர முடியாது. உயில் மொத்தத்தையும் பிறந்த வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டது. நாளைக்கு உயிலே பொய் என்று யாராவது வந்தால் அவர்கள்தான் வருவார்கள். ஆகவே அவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்.

என் வக்கீலுக்குக் கோபம். "சட்டத்துல இதுக்கு அவசியமே இல்ல. எழுதிக் கேட்கச் சொல்லுங்க, நான் பதில் தர்றேன்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் லோன் கொடுப்பது அவர் இல்லையே. மாவட்டக் கோர்ட்டில் புரோபேட் போடலாம். கட்டாயமில்லை என்றாலும் போடத் தடையில்லை. போட்டால் அதே நெல்லிக்குப்பத்து ஆட்களுக்கு நோட்டீஸ் போகும். கோர்ட் சம்மன் கையில் வந்து உறவு கெடுவதற்கு, நானே நேரில் போவது மேல் என்று தோன்றியது.

மாமாவின் தம்பியை நாங்கள் சின்ன மாமா என்போம். எண்பதைத் தொடும் வயசு. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும் காபியைக் கீழே வைத்தார்.

"அண்ணி எழுதி வச்சிட்டாங்க. சரி. அதுல எனக்கு எதுவும் இல்ல. அதுவும் சரி. இல்லாதவன் கையெழுத்து எதுக்குத் தம்பி உங்களுக்கு?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: சட்டப்படி வேண்டியதில்லை, பேங்க் கேட்கிறது, நீங்கள் போடாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

"உயிலை யாராவது என்கிட்ட காட்டினீங்களா? அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்கன்னுதான் கேட்டேன்."

உயில் நகல் பையில் இருந்தது. கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து, உதடு அசையப் படித்தார். மாமாவின் பெயர் வந்த இடத்தில் திரும்பப் போய் இன்னொரு தடவை படித்தார். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்து, "இவரு அண்ணியோட வேலை பார்த்த வாத்தியார்தானே? இருக்காரா?" என்றார். இருக்கிறார், இன்னொரு சாட்சிதான் தவறிவிட்டார் என்றேன். "அவரு நல்ல மனுசன்," என்று நகலை மடித்துக் கொடுத்தார்.

"அண்ணன் உபயோகிச்ச தேக்கு மேசை ஒண்ணு இருக்குமே. முன்னறையில. அதை என்னா பண்ணப் போறீங்க?"

அந்த இடத்தில் "எடுத்துக்கோங்க மாமா" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் மேசை என்னுடையதில்லை. வீட்டு விற்பனையில் அதுவும் சேரவில்லை; உயில்படி மீதியில் அடங்கும். அவர் எதிரிலேயே தங்கைக்கும் ஓசூருக்கும் போன் போட்டேன். இருவரும் ஒரே வார்த்தையில் கொடுத்துவிடச் சொன்னார்கள். நோட்டில் "தேக்கு மேசை, மதிப்பு 6,000, பயனாளிகள் சம்மதப்படி கொடுத்தது" என்று எழுதினேன். கையெழுத்துக்கு விலையாக மேசை என்று ஆகிவிடக் கூடாதே என்று அவருக்கே ஒரு சங்கடம். முதலில் கையெழுத்தைப் போட்டார்; மேசையை மறுவாரம்தான் குட்டி யானையில் ஏற்றிப்போனார். பெரியவரே போட்ட பிறகு அண்ணன் பிள்ளைகள் இருவரும் மறுபேச்சில்லாமல் போட்டார்கள்.

உயிலை விற்பனைக்கு முன்பே அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வதுதான் முறை என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். கணவர் பக்கத்தாருக்கு எதுவும் எழுதவில்லை என்றால் இன்னும் அவசியம். எழுதாததை வாய்வழி கேள்விப்படுவதும் தாங்களே படிப்பதும் ஒன்றில்லை.

இதோடு, உயிரோடு இருக்கும் சாட்சியிடம் தன் முன்னால்தான் அத்தை கையெழுத்துப் போட்டார் என்று ஓர் அபிடவிட், தங்கையிடம் சிங்கப்பூரில் நோட்டரி, அப்போஸ்டில் (வெளிநாட்டு ஆவணம் இங்கே செல்ல வாங்கும் சான்று) எல்லாம் போட்டு ஒரு சம்மதக் கடிதம், ஓசூரிலிருந்து ஒன்று. பேங்க் வக்கீல் கருத்து எழுதிக் கொடுத்தார். கடைசி வரியில், "உயில் நிறைவேற்றுநருக்கு விற்கும் அதிகாரம் உண்டு" என்று அவரே எழுதியிருந்தார்!

பதிவும் பணமும்

எல்லாம் கார்த்திகைக் கடைசியிலேயே தயார். ஆனால் மார்கழியில் பத்திரம் வேண்டாம் என்று வாங்குகிற வீட்டம்மா சொல்லிவிட்டார். தை பிறந்ததும் டோக்கன் போட்டுப் பதிந்தோம். "காலஞ்சென்ற இன்னாரின் உயில் நிறைவேற்றுநர் என்ற முறையில்" என்று என் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் மூன்று இடத்தில் சரிபார்த்தேன். அது இல்லாமல் என் பெயர் மட்டும் இருந்தால் நான் என்னுடையதல்லாத வீட்டை விற்றதாக ஆகும். கைரேகை, போட்டோ, சாட்சிகள், முடிந்தது. பட்டா மாற்றத்துக்கு வாங்கியவர் தனியாக மனு போட்டுக்கொண்டார். பட்டாவில் அத்தை பெயர், கிரயத்தில் விற்கிறவன் நான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்.

பணம் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. விற்ற பணம் உங்கள் சொந்தக் கணக்கில் விழக் கூடாது. பகிர்ந்து முடியும்வரை இறந்தவரின் சொத்திலிருந்து வரும் வருமானத்துக்கு நிறைவேற்றுநர் பெயரில் தனிக் கணக்காகத்தான் வரி. சொந்த வருமானத்தோடு அது சேராது. ஆடிட்டர் மூலம் எஸ்டேட் (இறந்தவர் விட்டுப்போன சொத்து) பெயரில் தனி பான் வாங்கி, அதை வைத்து பேங்க் கணக்கு திறந்தேன். பல கிளைகளில் இப்படி ஒரு கணக்கு உண்டா என்றே விழிப்பார்கள். பொறுமையாக உயிலைக் காட்ட வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ போகும் வீடு என்பதால் வாங்குகிறவர் விலையிலேயே 1 சதவீதம் வரி (டி.டி.எஸ்.) பிடித்துக் கட்ட வேண்டும். 62,000 ரூபாய். அவர் படிவத்தில் என் பான் எண்ணையோ அத்தையின் எண்ணையோ போட்டுவிடாமல் இருக்க, எஸ்டேட் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதினோம்.

உபகாரம் என்று முதலில் சொன்னேனே, அது இங்கே. வீட்டை நேராகத் தங்கை பெயருக்கு அத்தை எழுதியிருந்தால், விற்பவரில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றாகி, அவள் பங்குக்கு இந்த 1 சதவீதம் செல்லாது. அதிக விகிதத்தில் பிடிக்க வேண்டும். வாங்குகிறவர் அப்போது அதற்கென்று தனி எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். லோன் போட்டு வீடு வாங்குகிற சம்பளக்காரர் பாதிப் பேர் இதைக் கேட்டதும் ஓடிவிடுவார்கள். விற்றது எஸ்டேட் என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை.

மூலதன ஆதாய வரிக்கு, வீடு 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு 5 லட்சம் வந்தது. 2024 ஜூலை 23-க்குப் பிந்தைய விற்பனை என்பதால் ஆடிட்டர் இரண்டு வழியிலும் போட்டார். பணவீக்கக் குறியீடு 363-ஐ வைத்து அடக்கவிலையை 18,15,000 ஆக்கி 20 சதவீதம் போட்டால், புரோக்கர் கமிஷன் 62,000 போக வரி 8,64,600. குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் போட்டால் 7,04,750. சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. இரண்டாவதையே எடுத்து, மார்ச் 15-க்குள் முன்வரியாகக் கட்டினோம். வரியைக் கட்டாமல் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், நோட்டீஸ் வரும்போது அதைப் பிரித்து வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்கும் முகம் எனக்கில்லை.

முதலில் ஒரு லட்சம் அத்தையைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு, பேங்க் கணக்கில். அப்புறம் ஆஸ்பத்திரி பாக்கி, காரியச் செலவு, ரிப்பேர். 50,000 ரூபாயை மட்டும் ரிட்டர்ன் முடியும்வரை நிறுத்தி வைத்து, மீதியைச் சரிபாதி பிரித்தேன். தங்கையின் பங்கு அவளுடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய பேங்கில் வைக்கும் கணக்கு) போனது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு எடுத்துப்போக 15சி.ஏ., 15சி.பி. படிவங்கள், அது அவளுக்கும் ஆடிட்டருக்கும் உள்ள வேலை.

நோட்டுக் கணக்கைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, ரசீது நகல்களோடு மூன்று பேருக்கும் அனுப்பினேன். தங்கை படித்தாளா என்று தெரியவில்லை. ஓசூர்த் தம்பி மட்டும் போன் செய்தான்.

"அண்ணே, ஆடி மாசத்துல 'சாக்கு 240 ரூபா'ன்னு இருக்கே, அது என்னா?"

"மாடியில நனைச்சுப் போட்டது. பழைய சாக்குக் கடையில வாங்கினேன், ரசீது தரல."

"சரிண்ணே. சும்மாதான் கேட்டேன்."

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டான். இனி ரிட்டர்ன் போட்டு, அந்த 50,000-ஐயும் பிரித்துக் கொடுத்துவிட்டு எஸ்டேட் கணக்கை மூட வேண்டும்.